பலவீனத்தோடு விசுவாசத்தில் நடப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இயேசுவை விசுவாசிக்கத் தொடங்கிச் சில மாதங்களோ ஒரு வருஷமோ ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வருகிறது. ஒருவர் எழுந்து, ஜெபித்தேன், கட்டி கரைந்துவிட்டது என்கிறார். இன்னொருவர், உபவாசம் இருந்தேன், வேலை கிடைத்தது என்கிறார். சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொல்கிறது. நீங்களும் அதே தேவனிடம் அதே நாமத்தில் கேட்டீர்கள். உங்கள் முதுகுவலி அப்படியே இருக்கிறது, அல்லது இரவில் வரும் பயம் இன்னும் வருகிறது, அல்லது பத்து பேர் முன்னால் பேச எழுந்தால் நாக்கு இன்னும் ஒட்டிக்கொள்கிறது. அப்போது மனதுக்குள் ஒரு கேள்வி எழும்: என் விசுவாசத்தில்தான் ஏதோ கோளாறா?

அந்தக் கேள்வியோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்ட சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் யாராவது முன்னமே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்ல முயல்கிறேன். பலவீனத்தைச் சரிசெய்துகொண்டு வந்தால்தான் கிறிஸ்துவோடு நடக்க முடியும் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. பலவீனம் இருக்கிற இடத்துக்கே அவர் வருகிறார். இதை நம்பி, தினசரி வாழ்க்கையில் எப்படி நடப்பது என்பதுதான் கீழே இருப்பது. வரிசைப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் உங்களுக்கு இப்போது மிகவும் வேண்டியது நான்காவது பகுதி என்றால் அங்கிருந்தே தொடங்கலாம்.

1. அந்த வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசியுங்கள்

"என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." காலண்டரிலும் கார் கண்ணாடியிலும் பார்த்திருப்பீர்கள். 2 கொரிந்தியர் 12ஆம் அதிகாரம், 9ஆம் வசனம். தனியாக எடுத்தால் ஆறுதல் வாசகம் மாதிரி இருக்கும். எந்தச் சண்டையின் நடுவில் அது சொல்லப்பட்டது என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். எனவே ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி 10ஆம் அதிகாரத்திலிருந்து 13ஆம் அதிகாரம் வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பின்னணி இதுதான். கி.பி. 55, 56 வாக்கில் அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு இந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதுகிறார். கொரிந்து பெரிய துறைமுக நகரம். பழைய ஊர் அழிந்தபின் ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் ரோமக் குடியேற்றமாகத் திரும்ப எழுப்பியது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகி வந்து முன்னேறியவர்கள் நிறைய. எனவே பேச்சுத் திறமை, தோற்றம், யாருடைய சிபாரிசு இருக்கிறது என்பதெல்லாம் அங்கே பெரிய விஷயம். பவுல் இல்லாத நேரத்தில் அந்தச் சபைக்குள் வேறு ஊழியக்காரர்கள் வந்தார்கள். நன்றாகப் பேசுபவர்கள், தங்களைப் பற்றித் தாங்களே புகழ்ந்துகொள்பவர்கள். சபையார் பவுலை அவர்களோடு ஒப்பிட்டார்கள். அவர் எழுதும் கடிதம் பலமாக இருக்கிறது, ஆள் நேரில் வந்தாலோ தோற்றமும் பலவீனம், பேச்சும் அற்பம் என்றார்கள். 10ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தில் பவுலே அதை எடுத்து எழுதுகிறார்.

நம்மில் யாராக இருந்தாலும் சாதனைப் பட்டியலை நீட்டியிருப்போம். பவுலும் ஒரு பட்டியல் போடுகிறார். ஒன்று குறைய நாற்பதடியாக ஐந்து தரம், மிலாறுகளால், அதாவது கம்புகளால், மூன்று தரம், ஒரு தரம் கல்லெறி, மூன்று தரம் கப்பற்சேதம், பசி, தாகம், குளிர், நிர்வாணம். அப்புறம் தமஸ்குவில் நடந்ததைச் சொல்கிறார். அவரைப் பிடிக்கக் காவல் போட்டிருந்தபோது, ஜன்னல் வழியாக ஒரு கூடையில் வைத்து மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டார்கள். ரோமப் படையில், எதிரியின் மதில்மேல் முதலில் ஏறிய வீரனுக்கு மதில் வடிவத்தில் பொற்கிரீடம் சூட்டுவது வழக்கம். கொரிந்தியருக்கு அது நன்றாகத் தெரியும். அவர்களுக்குத்தான் பவுல், நான் மதிலிலிருந்து கூடையில் இறங்கி ஓடிப்போனவன் என்று எழுதுகிறார்.

அதற்கு அடுத்துத்தான் முள் வருகிறது. 14 வருஷத்துக்கு முன் பரலோகக் காட்சியைக் கண்டதாகச் சொல்லிவிட்டு, அதனால் தன்னை உயர்த்திக்கொள்ளாதபடி மாம்சத்தில் ஒரு முள் கொடுக்கப்பட்டது என்கிறார். கண் நோய், மலேரியா, வலிப்பு, விடாத எதிரிகள் என்று விளக்கவுரைகள் பலவிதமாகச் சொல்லும். பவுல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது. கண் நோய் என்று எழுதியிருந்தால் கண் நோய்க்காரருக்கு மட்டும் உரிய வசனமாகப் போயிருக்கும்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது சிலுவை. 13ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்து பலவீனத்தால் சிலுவையில் அறையப்பட்டும், தேவனுடைய வல்லமையினால் பிழைத்திருக்கிறார் என்கிறது அது. தேவனுடைய வல்லமை வெளிப்பட்ட இடமே ஒரு மனிதன் கை கால் அசைக்க முடியாமல் தொங்கிய இடம்தான். மற்ற எல்லாம் இதிலிருந்து வருகிறது. இது இல்லாவிட்டால் பலவீனத்தில் பலம் என்பது வெறும் மனத்தேற்றப் பேச்சு.

2. உங்களுடையது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

பலவீனம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பலவற்றைப் போட்டுவிடுகிறோம். ஒரு நோட்டில் உங்கள் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு கீழே உள்ள மூன்றில் அது எதில் சேரும் என்று பாருங்கள். பிரித்துப் பார்க்காமல் இந்த வசனத்தை எல்லாவற்றின் மேலும் போர்த்தினால் பெரிய கேடு வரும்.

பாவம் ஒரு வகை. பொய், குடி, மனைவியை அடிப்பது, கடன் வாங்கிவிட்டு ஏமாற்றுவது. "இது என் பலவீனம் பிரதர், என்ன செய்ய" என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. பவுல் மேன்மைபாராட்டியது இதை அல்ல. இதற்கு வழி அறிக்கையிடுவதும், விட்டுத் திரும்புவதும், கெடுதல் செய்தவரிடம் போய்ச் சரிசெய்வதும்தான். குடியை விட மருத்துவ உதவி வேண்டியிருந்தால் அதையும் தேட வேண்டும்.

மற்றவர்கள் உங்களுக்குச் செய்யும் கொடுமை இன்னொரு வகை. அடிக்கிற கணவன், வரதட்சணை கேட்டு வதைக்கும் வீடு, சிறுவர்களைத் தொந்தரவு செய்யும் உறவினர். இதை "சகித்துக்கொள், இது உன் முள், உன் சிலுவை" என்று யாராவது சொன்னால், அவர் போதகராகவே இருந்தாலும், அந்த வார்த்தையை ஏற்க வேண்டாம். தன்னைப் பிடிக்கக் காவல் போட்டபோது பவுல் கூடையில் ஏறித் தப்பித்தார். எருசலேமில் சவுக்கால் அடிக்க வாரினால் கட்டினபோது, நான் ரோமன், விசாரிக்காமல் அடிக்க உங்களுக்கு நியாயம் உண்டா என்று சட்டத்தைக் காட்டி நிறுத்தினார். அப்போஸ்தலர் 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இந்தியாவில் இருக்கின்றன. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். ஜெபத்தை அங்கே போயும் செய்யலாம்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரை பேசுவது: தீராத நோய், உடல் குறை, முதுமை, திக்குவாய், படிப்பில் பின்தங்குவது, மனச்சோர்வு, எவ்வளவு உழைத்தும் மாறாத வறுமை, துக்கம். நீங்கள் தேடிக்கொள்ளாதது, உங்களால் நீக்க முடியாதது. உங்களுடையது இந்த வகை என்றால் அதற்காக வெட்கப்படக் காரணமே இல்லை. மோசே தன்னைத் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்றார். கலாத்தியருக்கு முதல்முதல் சுவிசேஷம் போனதே பவுலின் சரீர பலவீனத்தோடுதான்.

3. நீக்கும்படி கேளுங்கள், தயங்காமல்

பலவீனத்தை ஏற்றுக்கொள்வதுதான் ஆவிக்குரிய முதிர்ச்சி என்று நினைத்து, சுகத்துக்காகக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள் சிலர். பவுல் கேட்டார், அதுவும் மூன்று தரம். சிலுவைக்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் மூன்று தரம் போய் அந்தப் பாத்திரம் நீங்கும்படி வேண்டினார். எனவே வலி போகட்டும், குழந்தை பிறக்கட்டும், வேலை கிடைக்கட்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். யாக்கோபு 5ஆம் அதிகாரம் சொல்கிறபடி சபையின் மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். தேவன் இன்றும் சுகமாக்குகிறார். இதை நான் முழு மனதோடு நம்புகிறேன். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

வார்த்தை வராவிட்டால் சங்கீதங்கள் இருக்கின்றன. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று முறையிட்டுத் தொடங்கும். நடுவில் விண்ணப்பம், கடைசியில் நம்பிக்கை. இதைச் சத்தமாக வாசித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பின் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வாக்கியம் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் பேசுகிற தமிழ் போதும். "ஏன்ப்பா என்னை இப்படி விட்டுட்டீங்க" என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சில நாளில் அந்தக் கடைசி இரண்டு வசனங்களை உங்களால் சொல்ல முடியாது. அப்போது 88ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அதில் திருப்பமே இல்லை. புலம்பலாகத் தொடங்கி இருளில் முடிகிறது. அதையும் ஜெபமென்று பரிசுத்த வேதத்தில் வைத்திருக்கிறார்கள். துதியில் முடியாத ஜெபம் கேட்கப்படாது என்று யாராவது சொல்லியிருந்தால், அந்தச் சங்கீதத்தை அவருக்கும் வாசித்துக் காட்டலாம். அதுவும் முடியாமல் வெறும் பெருமூச்சு மட்டும் வருகிற நாளுக்கு ரோமர் 8:26. என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாத நம் பலவீனத்தில் ஆவியானவர் உதவிசெய்கிறார்.

4. மருந்து, சாப்பாடு, தூக்கம்

எலியா தீர்க்கதரிசி கர்மேல் பர்வதத்தில் பெரிய வெற்றி கண்டவர். அடுத்த அதிகாரத்திலேயே, 1 இராஜாக்கள் 19இல், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவன் அந்த இடத்தில் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. எலியா தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் காட்டுகிறான். சாப்பிட்டுத் திரும்பத் தூங்குகிறார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று மட்டும் தூதன் சொல்கிறான். உணர்வெல்லாம் வறண்டுபோன ஒருவருக்குத் தேவன் முதலில் கொடுத்தது ரொட்டியும் தூக்கமும்தான். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். உடம்பு தளர்ந்திருக்கும்போது இரவு முழுக்க விழிப்பு ஜெபமும் நீண்ட உபவாசமும் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருப்பது ஆபத்து.

மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று போதிக்கப்படும் இடங்கள் இருக்கின்றன. இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து, மனநல மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். பவுலின் கூட்டாளி லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு வந்தபோது, அந்தக் காலத்து வழக்கப்படி கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் எழுதினார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று 2 தீமோத்தேயு 4:20இல் சாதாரணமாக எழுதுகிறார். பவுலின் உறுமால்களை, அதாவது கைக்குட்டைகளை, நோயாளிகள்மேல் கொண்டுபோய்ப் போட்டபோது எபேசுவில் பலர் சுகமானார்கள். அதே பவுலுடைய சொந்தக் கூட்டாளி நோயோடு கிடந்தார். பவுல் அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதென்றால் அதை இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எலியாவுக்கும் அந்த எண்ணம் வந்தது. தேவன் அவரைக் கைவிடவில்லை.

5. இன்றைக்கு வேண்டிய அளவு கேளுங்கள்

பவுலுக்கு வந்த பதில் முள்ளை எடுப்பேன் என்பதல்ல, என் கிருபை போதும் என்பது. ரொம்ப நாள் வரை எனக்கு இது கொஞ்சம் குறைவான பதிலாகவே பட்டது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த மன்னா என்ற உணவோடு சேர்த்து வாசித்தபோதுதான் தெளிவாயிற்று. யாத்திராகமம் 16இல் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு ஓர் ஓமர் அளவு. நாளைக்கென்று எடுத்து வைத்தால் பூச்சி பிடித்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் இரட்டிப்பு. 40 வருஷம் இப்படித்தான் சாப்பிட்டார்கள். ஒரு நாளாவது யாருடைய கூடாரத்திலும் அடுத்த மாதத்துக்கான கையிருப்பு இருந்ததில்லை. ஆனாலும் பட்டினியால் யாரும் சாகவில்லை.

கிருபையும் அப்படித்தான் வருகிறது. டயாலிசிஸுக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறவர், இனி ஆயுசு முழுக்க இதைத் தாங்க பெலன் தாரும் என்று கேட்டால், கையில் எதுவும் வராத மாதிரியே இருக்கும். ஆயுசு முழுக்கத் தாங்குகிற பெலன் ஒரே நாளில் யாருக்கும் கொடுக்கப்படுவதில்லை. இன்று காலை பஸ் ஏறி, நாலு மணி நேரம் படுத்திருந்து, திரும்பி வருவதற்குக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: இன்று எனக்கு எதற்குப் பெலன் வேண்டும்? இரவில் அதன்கீழ் ஒரு வரி: நடந்ததா, எப்படி? நடக்காவிட்டால் நடக்கவில்லை என்றே எழுதுங்கள்.

பெலன் வந்தது என்று எப்படித் தெரியும் என்று புதியவர்கள் அடிக்கடி கேட்பார்கள். பெரும்பாலும் உணர்ச்சியாகத் தெரியாது. சிலிர்ப்போ உடம்பில் சூடோ இல்லாமலே வரும். பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும்: நேற்று அந்த வார்த்தைக்குப் பதிலுக்குப் பதில் பேசாமல் இருந்துவிட்டேன், எழுந்திருக்கவே முடியாது என்றிருந்தேன், எழுந்து பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிவிட்டேன், உதவி வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். நோட்டு எழுதச் சொல்வது இதற்காகத்தான். எழுதி வைக்காவிட்டால் இவை மறந்துபோகும், விழுந்த நாட்கள் மட்டுமே நினைவில் நிற்கும்.

6. ஒருவரிடம் சொல்லுங்கள்

கெத்செமனேயில் இயேசு, என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது, என்னோடுகூட விழித்திருங்கள் என்று மூன்று சீஷரிடம் சொன்னார். தேவகுமாரனே துணை கேட்டார். நாம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் யாரிடம் என்பதில் கவனம் வேண்டும். சபை வாட்ஸப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போட்டுவிடுவது எளிது. மறுநாளே அது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். மனநலம், குடும்பச் சிக்கல், குழந்தையின்மை போன்றவற்றை முதலில் ஒரே ஒருவரிடம் சொல்வது நல்லது. அவர் பெரிய ஊழியக்காரராக இருக்க வேண்டியதில்லை. மற்றவர் ரகசியத்தை உங்களிடம் சொல்லாதவராக, தானும் ஏதோ ஒன்றைச் சுமந்தவராக, உடனே புத்தி சொல்லத் தொடங்காதவராக இருந்தால் போதும். பெரும்பாலும் அது ஒரு வயதான அக்காவாகவோ அண்ணனாகவோ இருக்கும். "அக்கா, எனக்கு பதில் ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேட்டுக்கிட்டு, வாரத்துல ஒரு நாள் எனக்காக ஜெபம் பண்ணுங்க, போதும்" என்று சொல்லித் தொடங்கலாம்.

"உனக்கு விசுவாசம் போதாது," "வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது" என்று சொல்பவர்களும் வருவார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமோ, பெற்றவர்கள் செய்த பாவமோ என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). அதைச் சொல்லிவிட்டு விலகி வந்துவிடுங்கள், வாதம் வேண்டாம். காணிக்கை இவ்வளவு அனுப்பினால் சுகம் என்று யார் சொன்னாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

7. மிச்சம் இருப்பதைக் கொண்டு ஒரு வேலை

இந்தப் பகுதிக்கு வேலூரில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. கொச்சியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே பணிசெய்த இளம் மருத்துவர். 1954இல் சக மருத்துவர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் ஆழமான காயம், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. இனி நடக்கவே முடியாது என்ற நிலைக்கு வந்தார்.

அங்கே பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தும் வேலையைச் செய்துகொண்டிருந்தார். கை அறுவைசிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அவர் ஊக்கப்படுத்த, மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்யத் தொடங்கினார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பி, அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கே உருவானது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் காலமானார். இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போய், இனி வாழ்ந்து என்ன பயன் என்று படுத்திருக்கும் ஒருவர் முன்னால், அதே நிலையில் நாற்காலியில் வந்து நிற்கும் மருத்துவர் எப்படித் தெரிந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். நடக்கிற மருத்துவர் ஆயிரம் சொன்னாலும் அது வராது. அவர் கால்கள் கடைசிவரை திரும்ப வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியா வந்து, கோயிலுக்கு விடப்படவிருந்த சிறுமிகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் வீடு அமைத்தவர். பிள்ளைகளுக்கு அவர் அம்மா. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தவர் 1931இல் ஒரு குழியில் விழுந்தார். 1951இல் சாகும்வரை ஏறத்தாழ 20 வருஷம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே, வலியோடு. அந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். நோயாளிகளுக்காக அவர் எழுதிய கடிதங்களை இன்றும் படுக்கையில் இருப்பவர்கள் வாசிக்கிறார்கள், ஏனென்றால் அவை படுக்கையிலிருந்து எழுதப்பட்டவை.

நம்மில் பெரும்பாலோர் நிறுவனம் கட்டப்போவதில்லை, நூல் எழுதப்போவதில்லை. இவர்களைச் சொன்னது அளவுக்காக அல்ல, அவர்கள் எடுத்த திசைக்காக. நீங்கள் எழுத வேண்டிய கேள்வி: என்னால் இப்போது முடிவது என்ன? போன் பேச முடியுமா? அப்படியென்றால் தனியாக இருக்கும் ஒருவரை வாரம் ஒரு முறை கூப்பிடுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்துகொண்டே கதை சொல்ல முடியுமா? ஒரே ஒரு பெயரை வைத்துத் தினமும் ஜெபிக்க முடியுமா? 2 கொரிந்தியர் 1:4 சொல்வதும் இதுவே. தேவன் நமக்கு அருளின ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்யும்படி அவர் நமக்கு ஆறுதல் செய்கிறார். முழுதாகச் சுகமான பின்பு ஊழியம் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

8. சந்தோஷத்தைப் பற்றி

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சந்தோஷமாயிரு என்று முதலிலேயே சொன்னால் அது ஒரு கூடுதல் பாரமாகிவிடும். சபையில் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கதவை மூடி அழுகிறவர்கள் நிறைய.

பவுலும் சீலாவும் பிலிப்பி சிறைச்சாலையில் நடுராத்திரியில் பாடினார்கள். அடிபட்ட முதுகு, தொழுமரத்தில் மாட்டிய கால். சிறைக் கதவுகளைத் திறந்துவிட்ட பூமியதிர்ச்சி வருவதற்கு முன்பே பாடினார்கள் என்பதைக் கவனியுங்கள். பல வருஷம் கழித்து, மறுபடியும் சிறையிலிருந்து, அதே பிலிப்பி சபைக்கு, "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதுகிறார். அதே அதிகாரத்தில், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். கற்றுக்கொண்டேன் என்றால், ஒரு காலத்தில் அது அவருக்கும் தெரியாமல் இருந்தது. அதற்கு இரண்டு வசனம் தள்ளி வரும் மிகவும் பிரபலமான வசனம், எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்பது, பரீட்சையில் ஜெயிப்பதைப் பற்றியதல்ல. பசியோடும் குறைவோடும் இருக்கத் தெரிந்ததைப் பற்றியது.

இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு விடுதலையாக வரும். பலசாலி மாதிரி நடிக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் தோளிலிருந்து ஏதோ இறங்கும். அதன்பின், உங்களால் முடியாத ஒன்று உங்கள் வழியாக நடப்பதைக் காணும்போது வரும். திக்கித் திக்கி நீங்கள் ஜெபித்த ஜெபத்தில் ஒருவர் தேறினார் என்று கேட்டால், அந்தப் பெருமை உங்களுடையதல்ல என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். அது தருகிற மகிழ்ச்சி தனி. எல்லாவற்றுக்கும் மேல், உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் காயங்கள் அப்படியே இருந்தன, தோமாவுக்கு அவற்றைக் காட்டினார். காயப்பட்டவர் ஒருவர் உங்கள் அறையில் உங்களோடு இருக்கிறார் என்பது மெதுவாக நிஜமாகும்.

இதற்கு இரண்டு பழக்கங்கள் உதவும். நோய்க்காக நன்றி சொல்லக் கட்டாயமில்லை. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறது 1 தெசலோனிக்கேயர் 5:18. எனவே நோயின் நடுவில் கிடைத்த ஒன்றுக்கு நன்றி சொல்லுங்கள், தூங்கிய இரண்டு மணி நேரத்துக்காவது. இன்னொன்று, பாட முடியாத வாரத்திலும் ஆராதனைக்குப் போங்கள், அல்லது படுக்கையில் இருந்தால் இரண்டு பேரை வீட்டுக்கு வரச் சொல்லிப் பாடச் சொல்லுங்கள். மற்றவர்கள் பாடும்போது நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். திருவிருந்து வாங்க முன்னால் போக முடியாவிட்டால் ஆயரிடம் சொல்லுங்கள், இருக்கைக்கோ வீட்டுக்கோ கொண்டுவருவார்கள்.

9. தொடங்க ஒரு வாரம்

திங்கள், 2 கொரிந்தியர் 10 முதல் 13 வரை. செவ்வாய், நோட்டில் அந்த ஒரு வாக்கியம், எந்த வகை என்ற பிரிவு. புதன், 13ஆம் சங்கீதம் உங்கள் வார்த்தைகளோடு. வியாழன், 1 இராஜாக்கள் 19. அன்று ஒன்பது மணிக்கே படுத்துவிடுங்கள், தள்ளிப்போட்ட மருத்துவச் சந்திப்பு இருந்தால் அன்றே பதிவு செய்யுங்கள். வெள்ளி, யாரிடம் சொல்வது என்று யோசித்து ஒரு பெயர் எழுதி, அவருக்குப் போன் செய்யுங்கள். சனி, பிலிப்பியர் நிருபம் முழுதும், நாலே அதிகாரம். ஞாயிறு ஆராதனை. செவ்வாய் முதல் தினமும் காலை ஒரு வரி, இரவு ஒரு வரி.

வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் போனில் தமிழ் ஒலி வேதாகமம் இறக்கிக்கொள்ளலாம், இலவசமாகவே கிடைக்கிறது. எழுத முடியாதவர்கள் பேத்தி பேரனிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.